வாசகர் கேள்வி – பதில்: வியோலெத்தா பார்ராவின் பாட்டும் வாழ்வும்

லத்தீன் அமெரிக்கப் பாடல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, சிலி நாட்டின் வியோலெத்தா பார்ரா இயற்றிய ‘வாழ்வுக்கு நன்றி’ (க்ராசியாஸ் ஆ லா வீதா) என்ற பாடலைக் குறிப்பிட்டிருந்தோம். அவரைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: வியோலெத்தா பார்ரா நாட்டுப்புறப் பாடகியா, பாடலாசிரியரா? கிராமத்துப் பாடல்களிலேயே வளர்ந்தவரா? – வாசகி, திண்டுக்கல்

இரண்டும்தான். ஆனால் பலரும் நினைப்பதுபோல, கிராமத்தில் பிறந்து கிராமத்துப் பாட்டைப் பாடிக்கொண்டே புகழுக்கு வந்தவர் அல்லர். 1917 அக்டோபர் 4 அன்று, தலைநகர் சாந்தியாகோவுக்குத் தெற்கே உள்ள நியூப்ளே பகுதியில் பிறந்தார். தந்தை இசை கற்பித்த பள்ளி ஆசிரியர். தாய் கிளாரிசா சாந்தோவால் குடியானவர் வீட்டுப் பெண், தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவர். சிறு வயதிலேயே பெரியம்மை கண்டு வியோலெத்தாவின் முகத்தில் தழும்புகள் நிலைத்துவிட்டன. தந்தை வேலையிழந்து, சில ஆண்டுகளில் இறந்தும் போக, பிள்ளைகள் ரயிலிலும் உணவு விடுதிகளிலும் ஊர் ஊராகச் சுற்றும் சர்க்கஸ் கூடாரங்களிலும் பாடிச் சில்லறை சேர்த்தார்கள்.

மூத்தவரான நிக்கனோர் பார்ரா படிப்பில் சிறந்து விளங்கி, உதவித்தொகை பெற்றுச் சாந்தியாகோ சென்றார். பின்னாளில் ஸ்பானிய மொழியின் பெருங்கவிஞர்களுள் ஒருவராக அறியப்பட்டவர் அவரே. 1932இல் தங்கையையும் தலைநகருக்கு அழைத்துக்கொண்டு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். வியோலெத்தாவுக்கு அது ஒட்டவில்லை. அக்கா ஹில்தாவுடன் ‘பார்ரா சகோதரிகள்’ என்ற பெயரில் மதுக்கடைகளில் பாடத் தொடங்கினார். அங்கே அவர் பாடியவை வானொலியில் அப்போது செல்வாக்கோடு இருந்த மெக்சிக்கோப் பாடல்கள், பொலேரோ என்னும் மெல்லிய காதல் பாடல்கள், ஸ்பெயின் நாட்டு நடனப் பாடல்கள். ரயில்வே தொழிலாளி ஒருவரை மணந்து, இசபெல், ஆன்ஹெல் என்ற இரு பிள்ளைகளைப் பெற்று, அந்த மணம் முறிந்து, மறுமணமும் செய்துகொண்ட பிறகும் அவர் பாடிக்கொண்டிருந்தது வாடிக்கையாளர் கேட்ட பாட்டைத்தான். 35 வயதை ஒட்டித்தான் எல்லாம் மாறியது. ‘நம் மண்ணின் பாட்டைத் தேடிப் போ’ என்று அவரைத் தூண்டியவர் அண்ணன் நிக்கனோர்.

கேள்வி: பாடல் சேகரிப்பு என்றால் ஒலிப்பதிவுக் கருவியோடு போய்ப் பதிவு செய்வதுதானே? அதில் பெரிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? – வாசகர், கோவில்பட்டி

பதிவு செய்வதோடு நின்றிருந்தால் அவர் ஆவணக்காப்பகத்தில் அடங்கியிருப்பார். வியோலெத்தா முதியவர்களிடம் பாட்டை வாங்கிக்கொண்டு திரும்பவில்லை. அவர்களிடம் மாணவியாக உட்கார்ந்தார். 1950களின் முற்பாதியில் அவர் சாந்தியாகோவைச் சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கும் பண்ணைகளுக்கும் கிதாரோடும் குறிப்பேட்டோடும் நடந்தார். பர்ராங்காஸ் என்ற இடத்தில் மருத்துவச்சியாக இருந்த ரோசா லோர்கா அவருக்குப் பாட்டும் சடங்கும் சொல்லித் தந்தவர்களில் ஒருவர். புவெந்தே ஆல்தோவில் இசாயியாஸ் ஆங்குலோ என்ற முதியவர் கிதார்ரோன் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்.

இந்தக் கிதார்ரோன் சிலிக்கே உரிய கருவி. மொத்தம் 25 தந்திகள். கழுத்தின் மேல் ஐந்து கொத்துகளாக 21 தந்திகள் ஓட, கழுத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு குட்டைத் தந்திகள் இருக்கும். அவற்றுக்கு ‘குட்டிச் சாத்தான்கள்’ என்று பெயர். ஒரே சுருதியில் இழைத்த பல தந்திகள் ஒன்றாக அதிர்வதால், பாடகரின் தட்டையான குரலுக்குப் பின்னால் விடாத ஒரு முழக்கம் நிற்கும். இதை வாசித்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. நடுவயதுப் பெண் ஒருவர் வந்து கேட்டபோது அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்பதே அவர் அங்கே எவ்வளவு நம்பிக்கையைப் பெற்றிருந்தார் என்பதைக் காட்டுகிறது.

கருவியைவிட முக்கியம், யாப்பு. அந்தப் புலவர்கள் பாடியது ‘தெசிமா’ என்னும் பத்தடிச் செய்யுள். அடிக்கு எட்டு அசை. முதலடியின் இயைபு நான்காம், ஐந்தாம் அடிகளில் வரும். இரண்டும் மூன்றும் இயையும். ஆறும் ஏழும் பத்தும் ஒன்று, எட்டும் ஒன்பதும் ஒன்று. முதலில் நான்கடிப் பாட்டு ஒன்று சொல்லப்படும். அதன் ஒவ்வோர் அடியும் ஒரு தெசிமாவின் கடைசி அடியாக வந்து அமருமாறு நான்கு தெசிமாக்கள் பாட வேண்டும். ஐந்தாவதாக விடைபெறும் செய்யுள். பைபிள் கதைகளையும் புனிதர்களையும் பாடினால் ‘தெய்வப் பாட்டு’, காதலையும் ஊர்ச் செய்தியையும் உலக நடப்பையும் பாடினால் ‘மனிதப் பாட்டு’. எழுதப் படிக்கத் தெரியாதவர்களில் பலர் இதை நினைவிலிருந்தே பாடினார்கள். 1950களில் அவர்கள் முதியவர்களாகிவிட்டிருந்தார்கள். இந்தக் கட்டுப்பாடான வடிவத்தில் வியோலெத்தா கை பழகினார். தம் வாழ்க்கை வரலாற்றையே தெசிமாக்களில் எழுதினார். அவர் இறந்த பிறகு, 1970இல் அது நூலாக வெளிவந்தது.

1954இல் சிலி வானொலி நிலையம் ஒன்றில் அவருக்குத் தனி நிகழ்ச்சி கிடைத்தது. நகரத்துக் கேட்போர் தங்கள் நாட்டுப் பாடலை அப்போதுதான் அலங்காரம் இல்லாமல் கேட்டார்கள். அதுவரை வானொலியில் ‘சிலியின் நாட்டுப்பாடல்’ என்று ஒலித்தது, பண்ணை முதலாளிகள் அணியும் உடையில் மேடையேறிய குழுக்கள் பாடிய, மலையும் மாடும் மட்டுமே கொண்ட மெருகேற்றிய பாட்டு.

கேள்வி: குழந்தை இறந்த வீட்டில் விடிய விடியப் பாடும் வழக்கத்தை அவர் பதிவு செய்தார் என்று படித்தேன். அது பற்றிச் சொல்ல முடியுமா? – வாசகி, நாகர்கோவில்

‘குட்டித் தேவதையின் இரவு விழிப்பு’ என்று அந்தச் சடங்கு அழைக்கப்படுகிறது. பச்சிளம் பிள்ளை இறந்தால் அது பாவம் அறியாதது, நேரே வானுலகம் போகும் என்பது நம்பிக்கை. வெள்ளை உடுத்தி, காகிதச் சிறகுகள் வைத்து, பூக்களால் அலங்கரித்த மேடையில் குழந்தையை உட்கார்த்தி வைப்பார்கள். பாடகர்கள் சுற்றி அமர்ந்து, முறை வைத்துத் தெய்வப் பாட்டைப் பாடுவார்கள். விடியும் வேளையில் பாடப்படும் விடைபெறும் செய்யுளில் பேசுவது குழந்தை. பாடகர் அதற்குக் குரல் கொடுக்கிறார். தாயிடமும் ஞானப்பெற்றோரிடமும் அது விடைபெற்று, அழ வேண்டாம் என்று கேட்கிறது. கண்ணீர் விழுந்தால் சிறகு நனைந்து பறக்க முடியாமல் போகும். ரோசா லோர்கா மருத்துவச்சியாகப் பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவந்தார். இறந்த பிள்ளைகளை அலங்கரித்து வழியனுப்பியதும் அவரே.

வியோலெத்தாவுக்கு இது வெறும் ஆய்வுப்பொருளாக இருந்திருக்க முடியாது. 1955இல் போலந்தின் வார்சாவில் நடந்த உலக இளைஞர் விழாவுக்கு அழைக்கப்பட்டு அவர் ஐரோப்பா சென்றிருந்தபோது, சிலியில் விட்டுவந்த அவருடைய கைக்குழந்தை ரோசித்தா கிளாரா இறந்துபோனாள். தொட்டிலில் விட்டுவந்த பிள்ளையைப் பற்றித் தெசிமா வடிவிலேயே அவர் பாடல் எழுதினார். ஊராரிடம் கற்ற வடிவம், தம் சொந்தத் துக்கத்தைச் சொல்லும்போது கையில் இருந்தது. நாட்டார் மரபுக்கு அவர் என்ன செய்தார் என்று கேட்பவர்கள், மரபு அவருக்கு என்ன செய்தது என்பதையும் கேட்க வேண்டும். வாழ்வின் இறுதியில் எழுதிய ‘குட்டித் தேவதையின் ரின்’ என்ற பாடலில் அதே சடங்கு மீண்டும் வருகிறது. தெற்கேயுள்ள சிலோயே தீவின் ‘ரின்’ என்னும் ஆட்டத் தாளத்தில் அதை அமைத்தார்.

கேள்வி: முதியவர்களிடம் கேட்ட பாடல்களைத் தம் பெயரில் வெளியிட்டுப் புகழ் சம்பாதித்தார் என்று சொல்லலாமா? – வாசகர், சென்னை

நியாயமான கேள்வி, எல்லா நாடுகளிலும் நாட்டுப்பாடல் மீட்சிக்காரர்களிடம் கேட்கப்பட வேண்டியதும்கூட. இவர் விஷயத்தில் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்பது என் கருத்து. சேகரித்த பாடல்களின் இசையைச் சுரக்குறிப்பில் எழுத இசையறிஞர் கஸ்தோன் சூப்லெத் அவருக்கு உதவினார். அந்தப் பணியிலிருந்து உருவாகி, அவர் மறைந்து 12 ஆண்டுகள் கழித்து 1979இல் வெளிவந்த ‘சிலியின் நாட்டுப்பாடல்கள்’ நூலில் பாடியவர்களின் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அவர்கள் பேசிய பேச்சே இருக்கிறது. படிப்பவருக்கு ஒவ்வொரு முதியவரும் தனித்தனி மனிதராகத் தெரிகிறார்.

எல்லைக்கோடு மங்கும் இடங்களும் உண்டு. 1953இல் இசைத்தட்டில் வந்து அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ‘கறுப்பர் கல்யாணம்’ பாடல், மக்களிடையே வழங்கிய பழைய அடிகளில் தொடங்கி அவருடைய சொந்த அடிகளாகத் தொடர்கிறது. மரபுக்குள் இருக்கும் பாடகர் செய்வதும் இதுதான்: கிடைத்ததை எடுத்து, நீட்டி, அடுத்தவரிடம் கொடுப்பது. அந்த இசைத்தட்டை வெளியிட்டது, நம் கிராமபோன் காலத்து வீடுகளிலும் அறிமுகமாயிருந்த அதே ஓடியன் முத்திரை.

கேள்வி: அவருடைய ஓவியங்கள் பாரிஸில் லூவர் மாளிகையில் வைக்கப்பட்டன என்பது உண்மையா? – வாசகர், புதுச்சேரி

உண்மை. 1959–60இல் கல்லீரல் அழற்சியால் படுக்கையில் கிடந்தபோது, சும்மா இருக்க முடியாமல், சாக்குத்துணியில் கம்பளி நூலால் தைக்கத் தொடங்கினார். ‘அர்பியேரா’ எனப்படும் அந்தத் தையல் சித்திரங்களில் பாடகர்கள், சிலுவையில் கிறிஸ்து, சிலி வரலாற்றுப் போர்கள், சர்க்கஸ், பறவையும் பூவுமாக விரியும் கிதார்கள் எல்லாம் வருகின்றன. தையல் விதிகளைப் பார்த்துத் தைத்தவை அல்ல அவை. நூல் எந்தத் திசையில் ஓடினால் உருவம் உயிர்பெறுமோ அந்தத் திசையில் ஓடியிருக்கிறது. 1962 முதல் பாரிஸிலும் ஜெனீவாவிலும் வாழ்ந்த காலத்தில், லூவர் கட்டடத் தொகுதியில் உள்ள அலங்காரக் கலைகள் அருங்காட்சியகத்தை அவரே அணுகி, 1964 ஏப்ரலில் தையல் சித்திரங்கள், எண்ணெய் ஓவியங்கள், கம்பிச் சிற்பங்கள் ஆகியவற்றுடன் தனிக்கண்காட்சி நடத்தினார். அங்கே தனிக்கண்காட்சி நடத்திய முதல் லத்தீன் அமெரிக்கக் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

பின்னாளில் இராணுவ ஆட்சியில் காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் தங்கள் கதையைத் துணியில் தைத்து வெளியுலகுக்கு அனுப்பியபோது, அவற்றுக்கும் அர்பியேரா என்பதே பெயரானது.

கேள்வி: அவர் அரசியல் பாடகரா? – வாசகர், திருநெல்வேலி

ஆம், ஆனால் கட்சி மேடைக்கு எழுதிக் கொடுத்தவர் அல்லர். பாரிஸில் இருந்தபோது, வேலைநிறுத்தத்தை ஆதரித்ததற்காகத் தம்பி ரொபர்த்தோ கைதானார் என்று கடிதம் வந்தது. 1962 நவம்பரில் சாந்தியாகோவின் ஹோசே மரியா காரோ குடியிருப்பில் வேலைநிறுத்தத்தின்போது மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. அதிலிருந்து பிறந்ததே ‘கடிதம்’ என்ற பாடல். அதில் முழக்கம் எதுவும் இல்லை. கடிதம் வந்த செய்தியில் தொடங்கி, வீட்டுப் பெண் பேசும் பேச்சாகவே போகிறது, அழுவதற்குத் தம்மிடம் கிதார் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறது. மபூச்சே பழங்குடியினரின் நிலப்பறிப்பைப் பற்றிய ‘அரௌக்கோவுக்கு ஒரு துயரம்’ பாடலும் இதே காலத்தது. ஸ்பானியரின் கொடுமையோடு நிறுத்தாமல், இன்று பறிப்பவர்கள் சிலி நாட்டவரே என்று தம் மக்களையும் அது சாடுகிறது.

கேள்வி: வாழ்வுக்கு நன்றி சொன்னவர் ஏன் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்? அந்தப் பாடல் பொய்யா? – வாசகி, ஈரோடு

இந்தக் கேள்வி பல கடிதங்களில் வந்திருக்கிறது. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1965இல் சிலி திரும்பிய வியோலெத்தா, சாந்தியாகோவின் புறநகரான லா ரெய்னாவில் பெரிய கூடாரம் ஒன்றை அடித்து, அதை நாட்டார் கலைகளுக்கான பள்ளியாகவும் அரங்காகவும் ஆக்கக் கனவு கண்டார். அங்கேயே குடியிருந்தார், வருபவர்களுக்குச் சமைத்துப் போட்டார், பாடினார், கற்றுக்கொடுத்தார். நகர மையத்தில், 1965இல் பிள்ளைகள் இசபெலும் ஆன்ஹெலும் தொடங்கிய ‘பார்ராக்களின் பேன்யா’ என்ற சிறு பாட்டு அரங்கு இளைஞர்களால் நிரம்பி வழிந்தது. தொலைவில் இருந்த கூடாரத்துக்கு, அதுவும் குளிர்கால மழையில், ஆள் வரவில்லை. 1960 முதல் அவரோடு வாழ்ந்த சுவிட்சர்லாந்து இசைக்கலைஞர் ஜில்பேர் ஃபாவ்ர் பிரிந்து பொலிவியா சென்று, அங்கே ‘லோஸ் ஹைராஸ்’ குழுவில் கேனா குழல் வாசிக்கத் தொடங்கினார். அந்தப் பிரிவுதான் ‘ருன் ருன் வடக்கே போனான்’ பாடல். 1967 பிப்ரவரி 5 அன்று, 49 வயதில், அந்தக் கூடாரத்திலேயே வியோலெத்தா தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பாடல் பொய்யல்ல. அந்தப் பாடலை வந்த இடத்தில் வைத்துக் கேட்டால் இது புரியும். 1966இல் வெளிவந்த ‘கடைசிப் படைப்புகள்’ இசைத்தட்டில் ‘வாழ்வுக்கு நன்றி’ இருக்கிறது. அதே தட்டில் ‘உயர்ந்த வானத்தைச் சபிக்கிறேன்’ பாடலும் இருக்கிறது. வானம், விண்மீன், வசந்தம், கொடி என்று ஒன்றையும் விடாமல் சபித்துத் தள்ளும் பாடல் அது. நன்றியும் சாபமும் ஒரே மனத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவை. நன்றிப் பாடலை மட்டும் பிரித்தெடுத்து வாழ்த்து அட்டை வாசகமாக்கியது பின்வந்த உலகம்.

அந்த நன்றியும் பொதுப்படையானதன்று. கண்கள், செவி, ஒலியும் எழுத்தும், களைத்த பாதங்கள், நெஞ்சு, சிரிப்பும் அழுகையும் என்று உடம்பின் வழியே ஒவ்வொன்றாக எண்ணிச் செல்கிறது. செவிக்கு நன்றி சொல்லும் இடத்தில் சிள்வண்டும் கனரிக் குருவியும் கேட்கின்றன. கூடவே சுத்தியலும் விசையாழியும் நாயின் குரைப்பும் பெருமழையும் கேட்கின்றன. பாதங்களுக்கு நன்றி சொல்லும்போது நகரமும் சேறும் கடற்கரையும் பாலையும் மலையும் கடந்து வந்து, கடைசியில் காதலனின் வீடு, தெரு, முற்றம் என்று குறுகி நிற்கிறது. அந்த இடத்தில் ‘உன்’ என்ற சொல்லைக் கேட்கும் எவருக்கும், நன்றி சொல்பவர் எதை இழந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். ஆகவே பாடலுக்கும் முடிவுக்கும் இடையில் முரணைத் தேடி அவரை விசாரிக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். மனச்சோர்வில் இருப்பவர் மனமாரச் சொல்லும் நன்றியும் உண்மையானதுதான். அத்தகைய சோர்வில் நம்மருகே யாரேனும் இருந்தால், உடனிருப்பதும் மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்வதும் நம் கடமை.

கேள்வி: அவருக்குப் பின் என்ன ஆனது? – வாசகர், சேலம்

பாடகர் விக்தோர் ஹாரா, கிலாபாயூன், இந்தி-இய்யிமானி இசைக்குழுக்கள் ஆகியோர் சிலியில் வளர்த்த ‘புதிய பாடல்’ இயக்கத்தின் தாய் என்று அவர் போற்றப்பட்டார். 1971இல் அர்ஜென்டினாவின் பாடகி மெர்சேதெஸ் சோசா முழு இசைத்தட்டையே அவர் பாடல்களுக்கு அர்ப்பணித்தார். 1974இல் அமெரிக்கப் பாடகி ஜோன் பேஸ் தம் ஸ்பானிய மொழி இசைத்தட்டுக்கு ‘வாழ்வுக்கு நன்றி’ என்றே பெயரிட்டார். 1973 செப்டம்பர் 11 இராணுவப் புரட்சிக்குப் பின் ஹாரா கொல்லப்பட்டார், ஆன்ஹெல் சிறை முகாமில் அடைக்கப்பட்டார், இசபெல் நாடு கடந்து வாழ்ந்தார். இன்று வியோலெத்தாவின் பிறந்த நாளான அக்டோபர் 4 சிலியில் இசை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கேள்வி: எந்தப் பாடலிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? ஸ்பானிய மொழி எனக்குத் தெரியாது. – வாசகி, தஞ்சாவூர்

முதற்கேட்பில் அவர் குரல் ஏமாற்றமளிக்கலாம். கமகம் இல்லை, குழைவு இல்லை. உணர்ச்சி ஏறும் இடத்திலும் குரல் ஏறாது. கிராமத்து முதியவர்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட முறை அது. எனவே மெர்சேதெஸ் சோசாவின் குரலில் ‘வாழ்வுக்கு நன்றி’யைக் கேட்டுவிட்டு, பிறகு வியோலெத்தாவின் சொந்தப் பதிவுக்கு வாருங்கள். சோசாவிடம் அந்தப் பாடல் பெருங்கூட்டத்துக்கு முன் நிற்கிறது. வியோலெத்தாவிடம் அடுத்த அறையில் யாரோ பாடுவதுபோல் கேட்கிறது.

அடுத்ததாக அதே தட்டிலுள்ள ‘பதினேழுக்குத் திரும்புதல்’. நூற்றாண்டு வாழ்ந்த பிறகு மீண்டும் பதினேழு வயதாவது எப்படி இருக்கிறது என்று நடுவயதுக் காதலைச் சொல்லும் இந்தப் பாடலின் செய்யுள்கள் முழுவதும் மேலே நான் விளக்கிய தெசிமாவே. மொழி தெரியாவிட்டாலும், பத்தடி முடிந்து, சுவரில் படரும் கொடியைப் பாடும் பல்லவி வரும் இடத்தைக் காது கண்டுகொள்ளும். கிதாரில் ஆர்வமுள்ளவர்கள், ‘குவேக்கா’ என்னும் சிலி நடன இசையை உடைத்து அவர் கிதாருக்கென்றே அமைத்த ‘எதிர்-குவேக்கா’க்களைக் கேட்கலாம். ‘வல்லூறு’ என்ற நீண்ட பாடலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடன நாடகமாக்க எண்ணி அவர் இயற்றிய அதில், சொற்கள் அசைகளாகச் சிதறி, கிதாரின் சுருதி வேண்டுமென்றே முரண்பட்டு ஒலிக்கும். மற்றப் பாடல்கள் பழகிய பிறகு கேட்டால்தான் அது பிடிபடும்.